ஓய்வுக்குப் பிறகு பேசிய ஆசிரியர்

ஆபிரகாம் கோவூர் தாவரவியல் வாத்தியார். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். தந்தை மார்த்தோமா சபைப் பாதிரியார். கல்கத்தாவில் படித்த கோவூர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். அங்கே ஒரு முறை பைபிள் பாடமும் அவர் தலையில் விழுந்தது. மாணவர்கள் தேர்வில் வெளுத்து வாங்கினார்கள். ஆனால் மறு ஆண்டு அந்தப் பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பையன்கள் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு விசுவாசத்தை விட்டுவிட்டார்கள் என்பது தலைமையாசிரியரின் குறை. பள்ளியை நடத்தியது மெதடிஸ்ட் மிஷன். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

காலி, கல்கிசை என்று ஊர் ஊராகப் பாடம் நடத்தி, கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் 1959இல் ஓய்வு பெற்றார். உலகம் அறிந்த கோவூர் அதற்குப் பிறகு வந்தவர்தான். பேய் பிடித்ததாகச் சொன்ன வீடுகளுக்குப் போய் விசாரித்தார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவர் விசாரித்த சம்பவம் ஒன்று 1973இல் 'மறுபிறவி' என்று தமிழ்ப் படமாகவும் வந்தது.

முப்பது ஆண்டு கரும்பலகை முன் நின்றவர் ஊரறியப் பேச அறுபது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது ஏன்? பயமா, பக்குவமா?

மலேசியாவின் செரண்டாவில் இந்தக் கேள்வி பழங்கதை இல்லை. ரவாங்குக்கும் பத்தாங்காலிக்கும் நடுவே, ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர் அது. இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஓர் அறிவியல் ஆசிரியரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலைச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டு உறுதிமொழி. 1970இல் அறிவிக்கப்பட்ட அதன் முதல் கோட்பாடே இறை நம்பிக்கை. அடுத்த மணி நேரத்தில், கண்ணால் பார், அளந்து பார், பிறகு நம்பு என்று பாடம். வீட்டிலோ, மகளின் எஸ்.பி.எம். தேர்வுக்காக மனைவி மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருப்பார். பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும் இதே வாத்தியார்தான். அவரைப் போலி என்று சொல்லிவிடுவது எளிது. சொல்பவர் குடும்பம் நடத்திப் பார்த்திருக்கமாட்டார்.

தீமிதியையே எடுத்துக்கொள்வோம். 1935இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் குடா பக்ஸ் என்பவரை ஆய்வாளர்கள் தணலில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். தணலின் மேற்பரப்பு ஏறத்தாழ 430 பாகை செல்சியஸ். காலில் கொப்புளம் இல்லை. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வோர் அடியும் கரியைத் தொடுவது ஒரு நொடிக்கும் குறைவு. அதே சூட்டில் இரும்புத் தகடு இருந்தால் தோல் உரிந்துவிடும். விரதம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

கால் ஏன் வேகவில்லை என்பதற்கு இது பதில். பிள்ளை பிழைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாய் ஏன் இறங்கினாள் என்பதற்கு இது பதில் இல்லை. அவள் சக்தியை விற்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கோவூரின் ஒரு லட்சம், சக்தியை விற்பவனுக்கு வீசிய சவால். இரண்டு பேரையும் ஒரே தராசில் போடுவது அவர் எழுத்தில் அடிக்கடி நடக்கிறது. அதை ஏற்க முடியவில்லை.

வகுப்பறைக்கு வருவோம். பத்து வயதுப் பிள்ளை வாத்தியாரை எதிர்த்துப் பேசாது. மதிப்பெண் அவர் கையில். அங்கே கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வதும் உண்டு என்று அடித்துச் சொல்வதும் ஒரே அத்துமீறல்தான். ஆனால் தணல் எப்படிச் சுடும் என்ற இயற்பியலை, கோயில் கமிட்டி கோபித்துக்கொள்ளுமே என்று விழுங்குவது வேறு. அதற்குப் பக்குவம் என்று பெயர் வைக்க முடியாது.

ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விடுகிறது. 1978 செப்டம்பரில் இறந்த கோவூர், கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவ மாணவர்களுக்கும் எழுதி வைத்திருந்தார். எலும்புக்கூடு தர்ஸ்டன் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு என்றும் சொல்லியிருந்தார். எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. செரண்டாவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஓய்வு பெற்றிருக்கும் அறிவியல் ஆசிரியர்களே, அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு மாலை இளைஞர்களை உட்காரவைத்துத் தணலைப் பற்றிப் பேசுங்கள். கோயில் மண்டபம் கிடைக்காவிட்டால் ஒட்டுக்கடை மேசை போதும்.