யாரும் இல்லாத அருவி

என் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு மாணவி ஒருத்தி, "இது எந்த அருவிம்மா?" என்று கேட்டாள். கொல்லிமலையில் ஒரு சின்ன அருவி என்றேன். "பேரு?" என்றாள். பேரெல்லாம் இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அந்த அருவிக்குப் பெயர் உண்டு. வழியும் எனக்குத் தெரியும். பெண்கள் வெளியே போக வேண்டும், மலையேற வேண்டும் என்று பல ஆண்டுகளாக வகுப்பில் பேசிவரும் நான் அவளிடம் ஏன் பொய் சொன்னேன்? அதை யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், நானும் என் தோழியும் போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டில் பேருந்தைவிட்டு இறங்கினோம். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆகாய கங்கைக்குப் போவார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முன்பு ஒருமுறை நாங்களும் இறங்கியிருக்கிறோம். அன்று குளிக்கவில்லை. ஆண்கள் குளிப்பதைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்திருந்து, காலை நனைத்துவிட்டு ஏறி வந்தோம். முழங்கால் வலிதான் மிச்சம்.

இந்த முறை நாங்கள் தங்கியிருந்த வீட்டு அக்கா, "அவ்ளோ தூரம் எதுக்கு? எங்க காட்டுக்குக் கீழயே ஒண்ணு இருக்குது, வாங்க" என்று கூட்டிப் போனார். அவர் மலையாளி. கேரளத்துக்காரர் அல்ல, கொல்லிமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலைப் பழங்குடியினருக்கு அந்தப் பெயர். முக்கால் மணி நேர நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, அடியில் காப்பிச் செடிகள். அவற்றைத் தாண்டியதும் பாதை என்று ஒன்றும் இல்லை. ஈரச் சருகில் அட்டைகள். அக்கா புகையிலையை நனைத்து எங்கள் கணுக்காலில் தேய்த்துவிட்டார். அவர் இடுப்பில் அரிவாள் இருந்தது.

அருவி மூன்று ஆள் உயரம் இருக்கும். படி இல்லை, கைப்பிடிக் கம்பி இல்லை, உடை மாற்றும் அறை இல்லை. குற்றாலத்துப் பேரருவியில் பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே குளிக்கும்போதுகூட நைட்டிக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் கை என்றுதான் நின்றிருக்கிறேன். இங்கே அண்ணாந்து நின்றேன். நீர் நேராக நெஞ்சில் விழுந்தது. உடம்பை மறைக்கும் வேலை இல்லாமல் தண்ணீரில் நிற்பது நாற்பத்தாறு வயதில் எனக்கு அதுதான் முதல் முறை.

பாடம் நடத்துகிறவளுக்கு எங்கே போனாலும் பாடம் நினைவுக்கு வந்துவிடும். குறிஞ்சிப் பாடல்களில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். கிளி ஓட்டுகிறார்கள், அருவியிலும் சுனையிலும் ஆடுகிறார்கள். ஊரில் அலர் எழுந்ததும் தாய் மகளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறாள். இற்செறிப்பு என்று பெயரிட்டு, தேர்வுக்குரிய ஒரு குறிப்பாக அதைக் கற்பிக்கிறோம். அந்தப் பாடல்களில் இன்னொன்றும் உண்டு. இரவில் வரும் தலைவனுக்கு வழியில் யானையாலும் புலியாலும் என்ன நேருமோ என்று பெண்கள் அஞ்சுகிறார்கள். நாங்கள் நடந்துவந்த வழியெல்லாம் எங்களுக்கும் அச்சம் இருந்தது. ஆனால் அது விலங்கைப் பற்றியதல்ல. யாராவது வந்துவிட்டால்?

வந்தார்கள். மேலே சருகு மிதிபடும் ஓசை கேட்டது. மூன்று இளைஞர்கள். ஒருவன் கையில் கைப்பேசி. அவர்கள் எதுவும் செய்துவிடவில்லை, சும்மா நின்றார்கள். அதற்குள் என் தோழி பாறைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் துண்டை இழுத்துப் போர்த்தியிருந்தேன். எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை.

அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே, "யாரு வூட்டுப் பையன்டா நீ?" என்றார். ஒருவன் அப்பா பெயரைச் சொன்னான். "பொம்பளைங்க குளிக்கிறாங்க, தெரியுதில்ல? போன உள்ள வெச்சிக்கிட்டுப் போ. அப்பறமா வாங்க." போய்விட்டார்கள். நாங்கள் மறுபடியும் நீருக்குள் போனோம்.

அதன்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் நான் சுதந்திரம் என்று நினைத்தது ஆள் இல்லாததால் கிடைத்தது; ஆள் வந்ததும் போய்விட்டது. அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? அன்று நேர்ந்த அதிர்ஷ்டம், அவ்வளவுதான். பிறகு கிடைத்தது வேறு. அந்த மூவரும் வந்த பிறகும் அது நிலைத்தது, ஏனென்றால் அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு வேண்டியது ஆளற்ற இடம் என்று நம்பியே இவ்வளவு காலம் நான் இடம் தேடியிருக்கிறேன். வேண்டியது, நமக்காகக் கேள்வி கேட்கும் ஆள் இருக்கும் இடம்.

ஆனால் இதை அழகாக முடித்துவிட முடியாது. அக்காவின் அதட்டல் செல்லுபடியானது அது அவர் ஊர் என்பதால். அப்பன் பெயருக்கு அங்கே ஓர் எடை இருப்பதால். ஆகாய கங்கையில், வெளியூர்க் கூட்டத்தின் நடுவில், அவராலும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. பையன்களை அடக்கிய அந்த ஊர்க்கண் பெண்களை விட்டுவைக்கிறதா? திரும்பும் வழியில் அவர் மகளைப் பற்றிக் கேட்டேன். "வயசுக்கு வந்தப்பறம் அவள இங்க விட்டதில்ல" என்றார். நீங்கள் குளிப்பீர்களா என்றேன். "வெறகுக்கு வருவோம். குளிக்கவா நேரம்?" அப்போதுதான் உறைத்தது, அன்று அவர் குளிக்கவே இல்லை. நாங்கள் தண்ணீரில் நின்ற ஒன்றரை மணி நேரமும் அவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். "ஒரு படி கட்டி, போர்டு வெச்சா சனம் வரும். மரவள்ளிக்கெழங்கு வேக வெச்சு வித்தாக்கூட நாலு காசு பாக்கலாம்." படி இல்லை, பலகை இல்லை என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவருக்கு அந்த இல்லாமை வருமானம் இல்லாமை. காடு இப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது.

மாணவியிடம் பெயரைச் சொல்லாததற்கு என்னிடம் நியாயம் இருந்தது. பெயர் வெளியே போனால் படம் பரவும், கூட்டம் வரும், பாட்டில்கள் வரும். அந்த நீரிலிருந்து முதலில் விலகுகிறவர்கள் பெண்களாகத்தான் இருப்பார்கள். இது பொய்யான அச்சம் அல்ல. ஆனால் ஆபத்து என்று சொல்லி மகளை உள்ளே வைத்த தாய்க்கும் இதே நியாயம்தான் இருந்தது. நான் அருவியைக் காப்பாற்றவில்லை. எனக்குக் கிடைத்ததை அவளுக்குக் கிடைக்காமல் செய்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் பெயரைச் சொல்லலாமா என்று அக்காவைத் தொலைபேசியில் கேட்டேன். அது அவர் காட்டுக்குக் கீழே இருக்கும் அருவி. அதை முடிவுசெய்ய நான் யார்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க. புஸ்தகத்துல இப்ப வேணாம்" என்றார். ஒளித்து வைப்பதற்கும் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு யோசிக்காமலே தெரிந்திருக்கிறது.

அந்த மாணவியிடம் பெயரைச் சொல்லிவிட்டேன். முன்பு பொய் சொன்னதையும் சொன்னேன். தை மாதம் அவளும் இன்னும் மூன்று பேரும் என்னோடு வருகிறார்கள். கிழங்குக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் அனுப்பியாயிற்று. இந்த முறை நான் பாறையில் உட்கார்கிறேன், நீங்களும் உங்கள் மகளும் குளியுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "நான் வேணா குளிக்கறேன்" என்றார். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.