எதிரே உட்கார்ந்திருப்பவருக்குள்ளும்

(மேரிலாந்தில் தமிழ்க் குடும்பங்களின் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாஷிங்டனில் கேபிடல் குன்றின் மேல், செனட்டர்களின் ஹார்ட் அலுவலகக் கட்டடத்துக்கு எதிரே ஒரு அலுவலகம் இருக்கிறது. தேசியச் சட்டமியற்றலுக்கான நண்பர்கள் குழு என்று பெயர், சுருக்கமாக எஃப்.சி.என்.எல். என்பார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவினர் 1943-இல் தொடங்கியது. பட்டம் முடித்த இளைஞர்கள் சிலரை ஆண்டுதோறும் பதினோரு மாதப் பணிக்கு எடுக்கிறார்கள். சம்பளம் உண்டு. குவேக்கராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நம் பெண்பிள்ளைகளில் ஒருத்தி அதற்கு விண்ணப்பிக்கப் போகிறாள். இன்று அதைப் பற்றியே பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய அப்பா என்னைத் தனியாக அழைத்து வேறொன்று கேட்டார்: "ஐயா, சாமி கும்பிடுவது ஒரு காரியம், காங்கிரஸ் உறுப்பினர்களிடம் போய் மசோதாவுக்கு ஆதரவு திரட்டுவது இன்னொரு காரியம். இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் முதலில் இந்தக் குவேக்கர்கள் எப்படி வழிபடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அவர்களுடைய பழைய முறைப்படி நடக்கும் கூட்டத்தில் பூசாரி இல்லை, பாதிரியார் இல்லை, பீடம் இல்லை. ஒரு அறையில் நாற்காலிகளோ பெஞ்சுகளோ போட்டிருக்கும். வந்து உட்காருவார்கள். ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது உள்ளே ஒன்று எழுந்து, சொல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தால், எழுந்து நின்று சில வார்த்தைகள் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் சொன்னதன் சாரம் இதுதான்: இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது, அதைக் கேட்க இடைத்தரகர் வேண்டாம்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. உள்ளம்தான் கோயில் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் குவேக்கர்கள் அதன் அடுத்த படியையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். எனக்குள் ஒளி இருக்கிறது என்றால், எதிரே உட்கார்ந்து என்னை மறுத்துப் பேசுகிறவருக்குள்ளும் இருக்கிறது. அரசனுக்குள்ளும் இருக்கிறது, சிறைக் கைதிக்குள்ளும் இருக்கிறது. அப்படியானால் கைதிக்காக அரசனிடம் போய்ப் பேசலாம். பேசியே ஆக வேண்டும். 1660-இல் மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி வட இங்கிலாந்தின் ஸ்வார்த்மோரிலிருந்து லண்டனுக்குப் பயணம் போய், இரண்டாம் சார்லஸ் மன்னரைச் சந்தித்து, சிறையில் வாடிய தன் குவேக்கர் சகோதரர்களுக்காக எழுத்தில் முறையிட்டார். நாங்கள் ஆயுதம் ஏந்த மாட்டோம், எங்கள் மனசாட்சியைத் தடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. அந்த அம்மாள் மன்னர் முன் நின்றதும் வழிபாட்டின் தொடர்ச்சிதான். கேள்வி கேட்ட அப்பாவுக்கு நான் சொல்லும் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளமானது. வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் இதை நன்றாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலம். நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹாலி என்ற ஊர். ஜான் வுல்மன் என்ற குவேக்கர் இளைஞர் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். இருபதைத் தாண்டிய வயது. ஒருநாள் முதலாளி, தன்னிடம் அடிமையாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார். வாங்கியவர் எதிரிலேயே காத்துக்கொண்டு நிற்கிறார். யோசிக்க அவகாசம் இல்லை. நான் வருடச் சம்பளத்துக்கு இருக்கிறவன், சொல்வது முதலாளி, வாங்குகிறவரும் நம் குவேக்கர் சங்கத்தைச் சேர்ந்த வயதான மனிதர்தானே என்று மனம் ஒவ்வொரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. வுல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் உள்ளே தாங்க முடியவில்லை. மனிதரை அடிமையாக வைத்திருப்பது நம் சமயத்துக்குப் பொருந்தாது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் அங்கேயே சொன்னார். பிறகு இன்னொருவர் அதேபோல் ஒரு அடிமைப் பத்திரம் எழுதக் கேட்டபோது, முடியாது என்று மறுத்தார்.

பிள்ளைகளே, அந்தக் கடையை மனக்கண்ணால் பாருங்கள். அங்கே போர்க்களம் இல்லை, கூட்டம் இல்லை, கொடி இல்லை. ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு காகிதம், சம்பளம் தருகிற முதலாளி. நீங்கள் போகப்போகும் எந்த அலுவலகத்திலும் அறச்சோதனை இந்த உருவத்தில்தான் வரும்.

அதன் பிறகு வுல்மன் என்ன செய்தார் என்பது இன்னும் முக்கியம். அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே தேடிப் போனார். அவர்களைப் பொதுவில் வைத்து ஏசவில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், விடாமல் பேசினார். தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். இப்படிப் பல ஆண்டுகள். 1758-இல் ஃபிலடெல்ஃபியா குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கும் விற்கும் உறுப்பினர்கள் மீது நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. 1776-இல் எந்த உறுப்பினரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்றே தீர்மானமானது. அதைப் பார்க்க வுல்மன் உயிரோடு இல்லை. 1772-இல் இங்கிலாந்தில் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்துபோனார். எதிராளியை எதிரியாக்காமல் மாற்றுவது என்றால் இவ்வளவு காலம் பிடிக்கும். அந்தப் பொறுமை வழிபாட்டிலிருந்துதான் வரும் என்பதே என் இரண்டாவது பதில். என் மனதில் குவேக்கர் மரபின் உச்சம் இந்த மனிதர்தான்.

  

சரி, அந்த வாஷிங்டன் அலுவலகத்துக்கு வருவோம். 1943 என்றால் இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு. போர் நடக்கும்போதே போருக்கு எதிராகச் சட்டமன்றத்தில் பேச ஒரு குழு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ரேமண்ட் வில்சன் அதன் முதல் செயலர். எந்தெந்த விஷயத்தில் பாடுபடுவது என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் தாங்களாகத் தீர்மானிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் உள்ள குவேக்கர் கூட்டங்களிடம் கேட்கிறார்கள். அவர்கள் மௌனத்தில் அமர்ந்து யோசித்துச் சொல்கிறார்கள். அவற்றைத் தொகுத்து, வாக்கெடுப்பு இல்லாமல், எல்லோரும் ஒருமனப்படும்வரை பேசி முடிவு செய்கிறார்கள். தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை.

பணியில் சேரும் இளைஞர் அன்றாடம் செய்வது என்ன? ஒரு காட்சி சொல்கிறேன். காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் பெரும்பாலும் உறுப்பினரைப் பார்க்க முடியாது. அவருடைய உதவியாளர் வருவார். அவருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. கையில் ஒரு குறிப்பேடு. அறை காலியில்லை என்றால் நடைக்கூடத்தில் நின்றே பேச வேண்டும். பதினைந்து நிமிடம். முதலில், அந்த உறுப்பினர் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு உண்மையாக நன்றி சொல்ல வேண்டும். அதற்காகத் தேடிப் படித்திருக்க வேண்டும். பிறகு ஒரு மனிதரின் கதை. பிறகு ஒரே ஒரு வேண்டுகோள்: "இந்த மசோதாவுக்கு உங்கள் உறுப்பினர் இணை முன்மொழிபவராகக் கையெழுத்திடுவாரா?" அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மறுப்புதான் வரும் என்று தெரிந்தாலும், அந்த மறுப்பில் ஒளியின் ஒரு கீற்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தியானம் பழகாதவருக்கு இது எளிதில் வராது.

பலன் எப்போது வரும்? 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்று நாள் கழித்து, படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 420-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒரு எதிர்வாக்கு கலிஃபோர்னியாவின் பார்பரா லீயுடையது. செனட்டில் எதிர்வாக்கே இல்லை. அந்த நாட்களிலும் போர் தீர்வாகாது என்று சொல்லிக்கொண்டு கதவுகளைத் தட்டியவர்கள் இந்த எஃப்.சி.என்.எல். அலுவலகத்தார். இன்னொரு பக்கம், இனப்படுகொலைகளை முன்கூட்டியே தடுக்க எலி வீசல் பெயரில் இயற்றப்பட்ட சட்டத்துக்காகப் பல அமைப்புகளைச் சேர்த்து உழைத்தார்கள். அது 2019 ஜனவரியில் கையெழுத்தானது. தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் காலை அதே அலுவலகம், அதே வேலை.

இனி விண்ணப்பம். மகளே, உனக்காகவே சொல்கிறேன். "சமூக சேவையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று கடிதத்தைத் தொடங்காதே. அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. போன கோடையில் உணவு வங்கியில் ஒரு பாட்டிக்கு உணவு உதவிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன் என்று என்னிடம் சொன்னாயே, அதை எழுது. எந்தக் கட்டத்தில் அவர் தடுமாறினார், எந்தக் காகிதம் இல்லாததால் திரும்ப வரச் சொன்னார்கள், அப்போது உனக்குள் என்ன எழுந்தது, அதை எழுது. அந்த இடத்தில்தான் பக்தியும் பொதுக் கொள்கையும் ஒன்றையொன்று தொடுகின்றன. உன்னோடு கருத்து ஒத்துப்போகாத ஒருவரிடமிருந்து நீ கற்ற ஒன்றையும் எழுது. அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைத் தேடு.

எழுதும் முன் குவேக்கர்களின் இன்னொரு பழக்கத்தையும் கடைப்பிடிக்கலாம். பெரிய முடிவு எடுக்கும் ஒருவர் நம்பிக்கைக்குரிய நாலைந்து பேரை அழைத்து உட்கார வைப்பார். தெளிவுக்கான குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. "நான் உன் இடத்தில் இருந்தால்" என்று ஆரம்பிக்கவே கூடாது. விடை தெரியாத கேள்விகளை மட்டும், இடையிடையே மௌனம் விட்டு, கேட்கலாம். பெற்றோர்களே, நம் வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் வேலை விஷயத்தில் பெரியப்பா முதல் பக்கத்து வீட்டு மாமி வரை ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். ஒரே ஒரு மாலை, தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கேள்வி மட்டும் கேளுங்கள். "பதினோரு மாதம் முடிந்ததும் என்ன?" என்பதும் நல்ல கேள்விதான், பயமுறுத்தாமல் கேட்டால்.

கிடைக்காமலும் போகலாம். இடங்கள் கொஞ்சம், விண்ணப்பிப்பவர்கள் அதிகம். அதனால் பணி நின்றுவிடாது. வசந்த காலத்தில் இதே அமைப்பு இளைஞர்களை வாஷிங்டனுக்கு அழைத்து, ஒரு வார இறுதி முழுக்கப் பயிற்சி கொடுத்து, உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. அதற்குப் போகலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தத் தொகுதியில் குடியிருக்கும் யாரும் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். பெயர், ஊர், ஜிப் குறியீடு, மசோதாவின் எண், ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்துப் பேசுபவரின் பெயரைக் கேட்டு அவருக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நாளை திங்கட்கிழமை, காலையிலேயே பேசிவிடுங்கள்.