தேட வேண்டியவர் யார்?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் சிறு கட்டணமொன்று வந்து போனதைத் தவிர, அக்கொள்கை இன்றுவரை நிலைத்து நிற்கிறது. இது அற்ப சாதனையன்று. இதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமுமன்று. ஆயினும் ஒரு கேள்வியை நாம் எழுப்பியே தீரவேண்டும். ஒருவருக்கு உரிமை உண்டென்று சொல்லிவிட்டு, அவ்வுரிமை எங்கே கிடைக்குமென்று தேடி அலையும் பாரத்தையும் அவர் தலையிலேயே சுமத்தினால், அவருக்குக் கொடுத்தது உரிமைதானா?

ராகலையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகச் செல்லும் மலைப்பாதையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறு நகரம் அது. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி நாளுக்கு நாள் மெலிகிறாள். அடிபடாமலே உடம்பு கன்றிப்போகிறது. ஈறில் இரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை இரத்தப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். வேறு சிறு கோளாறாகவும் இருக்கலாம். இரத்தத்தைச் சோதித்து, ஐயமிருந்தால் எலும்பு மஜ்ஜையையும் சோதித்தே உண்மையை அறிய முடியும். தோட்டத்தில் இருப்பவர் வைத்திய உதவியாளர். அவர் துண்டெழுதிக் கொடுப்பார். அத்துண்டோடு நுவரெலியாவுக்கு; அங்கிருந்து கண்டிக்கோ பதுளைக்கோ; சில வேளை கொழும்பை அடுத்த மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு. ஒவ்வொரு படியிலும் வைத்தியம் இலவசந்தான். ஆனால் பஸ் இலவசமன்று. துணைக்கு வருபவரின் சோறு இலவசமன்று. வேலைக்குப் போகாத நாளில் பேர் விழுவதுமில்லை. துண்டில் எழுதியிருப்பதோ ஆங்கிலம். கேட்கப்படும் கேள்விகளோ பெரும்பாலும் சிங்களம். தமிழும் ஆட்சிமொழியென 1987இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டதை அந்த வரிசையில் நிற்பவர் எங்ஙனம் உணர்வார்?

இத்தூரம் மலையின் குற்றமென்று சிலர் கூறுவர். 1904இல் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ரயில் பாதை போட்டவர்களுக்கு மலை தடையாக இருக்கவில்லை. தேயிலை கீழே இறங்கவேண்டியிருந்தது, பாதை மேலே ஏறியது. அந்தப் பாதை இன்று இல்லை. தொழிலாளியின் உடல்நலமோ 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டத்தின்கீழ்த் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆகவே மூன்றாண்டுகள் கழித்து நாட்டில் வைத்தியக் கட்டணம் ஒழிந்தபோதும், தோட்டம் தேசிய சுகாதார அமைப்புக்குள் சேராத தனித்தீவாகவே கிடந்தது. பின்னர்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் குறையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு முழுமையாக ஏற்கும் காரியம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

காப்புறுதி இருந்தால் இந்தக் குறை தீருமென்று வாதிப்போர் உளர். அமெரிக்காவில் ஏழைகளுக்கென 1965இல் மெடிக்கெய்ட் என்னும் அரசாங்கக் காப்புறுதி ஏற்பட்டது. தனியார் காப்புறுதியைவிட அது வைத்தியருக்குக் குறைவாகவே கொடுப்பதால், அதை ஏற்காத நிபுணர்கள் அங்கே பலர். கையில் அட்டையுடன், அதை ஏற்பவர் யாரென்று ஊரூராக விசாரிக்கும் புற்றுநோயாளி அச்செல்வ நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலோ அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் அதன் உறுப்பினர். தோட்டத் தொழிலாளி அதன் வட்டத்துக்குள் இல்லை. காலையில் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கும் அதே நிபுணரை, மாலையில் தனியார் நிலையத்தில் சனல் செய்து பணம் கட்டிச் சந்திக்கலாம். ஆக, பணம் வாங்கித் தருவது வைத்தியத்தை மட்டுமன்று. தேடும் துன்பத்திலிருந்து விடுதலையையுமாகும்.

‘அறியாமையே காரணம், அறிவூட்டினால் போதும்’ என்பது இன்னொரு வாதம். வெற்றிலையும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமென்று சொல்லிக்கொடுப்பது அவசியமே. ஆனால் இலங்கையிலேயே நடந்து 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வை நோக்குக. சாதாரண சுகாதார ஊழியர்கள், பயிற்சி பெற்றபின், கிராமத்தவரின் வாயைச் சோதித்து ஆரம்பக் குறிகளைக் கண்டுபிடிக்க வல்லவர்கள் என்று அது காட்டியது. மேற்சோதனைக்குப் போகும்படி சொல்லப்பட்டவர்களிலோ, போனவர்கள் பாதியைச் சற்றே தாண்டியவர்கள்தாம். குறி கண்டாயிற்று, சொல்லியும் ஆயிற்று, எஞ்சியவர்கள் வந்து சேரவில்லை. அறிவித்ததோடு கடமை முடிந்ததென்று இனியும் சொல்ல முடியுமா?

‘ஒவ்வொரு தோட்டத்திலும் நிபுணரை வைக்க முடியுமா, கதிர்வீச்சு இயந்திரத்தை நிறுத்த முடியுமா?’ என்பதே வலுவான ஆட்சேபம். முடியாது, அப்படி யாரும் கேட்கவுமில்லை. இதற்கு விடையை அந்த நோயாளியின் கட்டிலருகே தொங்கும் இரத்தப் பையிலே காணலாம். 2014 முதல் இந்நாட்டின் இரத்த தானம் முழுவதும் பணம் பெறாத தொண்டர்களால் ஆனது. இரத்தம் தேவைப்படுபவர் கொடையாளியைத் தேடித் தெருவில் அலையவேண்டியதில்லை. தேசிய இரத்தமாற்றுச் சேவை திரட்டுகிறது, சோதிக்கிறது, வைத்தியசாலைக்கு அனுப்புகிறது. கொடுத்தவரின் இனத்தையும் மொழியையும் பெறுபவர் அறியார். இரத்தம் நோயாளியைத் தேடிவர வழிசெய்யத் தெரிந்த சமுதாயத்துக்கு, நோயாளியை நிபுணரிடம் சேர்க்கும் வழி மட்டும் தெரியாமற் போகுமா?

நாம் கேட்பது இவ்வளவே. துண்டெழுதும்போதே நாளும் இடமும் வைத்தியர் பெயரும் நிச்சயிக்கப்படவேண்டும். போக்குவரத்தை அரசு ஏற்கவேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்குப் பேர் விழவேண்டும். தொழிலாளி தன் மொழியில் தன் நோயைக் கேட்டறிய வேண்டும். தோட்ட வைத்தியசாலைகள் தேசிய அமைப்பின் வாசலாகவேண்டும்.

இவை நிறைவேறும்வரை, லயத்தில் நாலெழுத்துப் படித்த பிள்ளையே தாயின் துண்டை வாசித்து, பள்ளிக்கூடத்தை விட்டுத் துணைக்குப் போகும். அப்பிள்ளையின் வெற்றிடத்தை வகுப்பில் காணும் ஆசிரியர், வரவு இடாப்பில் குறியிடுவதோடு நில்லாமல், காரணத்தைக் கேட்டறிந்து, தொழிற்சங்கத்திடமும் பிரதேச சபையிடமும் அதைக் கொண்டுசெல்ல வேண்டும். அவர் அங்கே கேட்கப்போவது அனுதாபத்தையன்று. 1951இல் இந்நாடு எல்லோருக்குமாகச் செய்துகொண்ட ஏற்பாட்டில் ராகலைக்கு உரிய பங்கையே அவர் கேட்கப்போகிறார்.