உறுப்புகளும் முழுப்பொருளும்

ஒரு பொருள் அதன் உறுப்புகளின் கூட்டம் மட்டும்தானா, அல்லது உறுப்புகளுக்கு மேல் முழுப்பொருள் என்று ஒன்று தனியே உண்டா? இந்திய மெய்யியலில் பௌத்தரும், நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வி இது. உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தெடுத்து அமைக்கப்படும் கேமிங் கணினி இக்கேள்வியைச் சோதிக்க மிகவும் ஏற்றது. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கூலர், கேபினெட் எல்லாம் தனித்தனி அட்டைப்பெட்டிகளில், பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் இவற்றை வாங்குபவரின் பில்லில் உறுப்புக்கு ஒரு வரி இருக்கும். கணினிக்கென்று தனி வரி இருக்காது.

இக்கேள்விக்குப் பெயர்பெற்ற விடை, மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் அது. மன்னன் ஏறிவந்த தேரைப் பற்றி நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை என்கிறான் மன்னன். எல்லாம் சேர்ந்ததா, இவற்றுக்குப் புறம்பான வேறொன்றா என்றாலும் இல்லை என்பதே பதில். ஆகவே தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்று வாதம் முடிகிறது. நாகசேனரின் குறி தேர் அன்று. நாகசேனர் என்ற பெயருக்குள்ளும் நிலையான ஆன்மா எதுவும் இல்லை என்பதே அவர் நிறுவ வந்தது.

நியாய தரிசனம் இதை மறுத்தது. முழுப்பொருளை அவயவி என்று பெயரிட்டு, அது உறுப்புகளில் தங்கியிருக்கும் தனிப்பொருளே என்றது. அவயவி இல்லையென்றால் கண்ணுக்குப் புலப்படாத அணுக்களே மிஞ்சும், எதையும் காண இயலாது என்பது நியாய சூத்திரம் தரும் ஒரு காரணம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பொருள் முழுவதும் உடன் வருகிறதே என்பது இன்னொன்று.

இரு தரப்பும் எடுத்துக்கொண்டவை ஏற்கெனவே செய்து முடிந்த பொருள்கள். தேரை முன்னால் நிறுத்திவைத்துத்தான் நாகசேனர் அதைப் பிரிக்கிறார். கணினி அமைப்பவர் போகும் திசை இதற்கு நேர்மாறானது. முழுப்பொருள் இன்னும் பிறக்காதபோதே அவர் உறுப்பைத் தேர வேண்டும். அந்த நிலையில் முதலில் தெரியவருவது, உறுப்பு என்பதே தனித்து நிற்கும் பொருள் அல்ல என்பது. டி.டி.ஆர்.4 ராமும் டி.டி.ஆர்.5 ராமும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டிலும் 288 தொடுமுனைகள். ஆனால் விளிம்பில் வெட்டியிருக்கும் சிறு பள்ளம் ஒன்றில் ஓரிடத்திலும் மற்றதில் சற்றுத் தள்ளியும் இருப்பதால், ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது இறங்காது. அந்தப் பள்ளத்துக்குத் தன்னளவில் எந்த வேலையும் இல்லை. அது இன்னோர் உறுப்பை நோக்கியே வெட்டப்பட்டது. உறுப்புகளை முதலில் தனித்தனியே நிறுத்தி, பிறகு முழுப்பொருள் எங்கே என்று தேடும் முறை இந்த இடத்தில் பிசகுகிறது. உறுப்பின் வடிவத்திலேயே முழுப்பொருளின் சாயல் ஏறியிருக்கிறது.

இதைவிட வலுவான சான்று வேகத்தில் கிடைக்கிறது. விநாடிக்கு 144 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 7 மில்லிவிநாடிக்கும் குறைவு. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தத்தம் பங்கை அந்த அளவுக்குள் முடித்தாக வேண்டும். இரண்டில் பிந்துவது எதுவோ அதன் வேகமே கணினியின் வேகம். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்செல்கள். 3840×2160 கொண்ட 4கே திரையில் சரியாக அதன் நான்கு மடங்கு. விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு சிறிய திரையில் பிராசஸருக்காகக் காத்திருக்கலாம். அதே இரண்டும் 4கே திரைக்கு மாறினால் கார்டு திணறும், பிராசஸர் காத்திருக்கும். ஓர் உறுப்பும் மாறவில்லை. தடை மட்டும் இடம் மாறிவிட்டது. எனவே ‘நல்ல பிராசஸர் எது’ என்பது பாதிக் கேள்விதான். எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று தெரிந்த பிறகே அது முழுக் கேள்வியாகிறது. ஃபிரேம் வேகம் எந்த உறுப்பிலும் இல்லை, முழுமையில் மட்டுமே இருக்கிறது. வெறும் பெயருக்கு இப்படி ஒரு குணம் இருக்க முடியாது. இதுவரை நையாயிகர் கையே ஓங்கியிருக்கிறது.

காலத்தைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் தொன்மவீரன் தீசியஸின் கப்பலில் மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியதைப் புளூட்டார்க் எழுதினார். கழித்த பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று தாமஸ் ஹாப்ஸ் 1655இல் கேட்டார். கணினியில் இது அன்றாட நிகழ்ச்சி. அண்ணன் புது மதர்போர்டும் பிராசஸரும் ராமும் போடுவான். கழற்றியவை வேறொரு கேபினெட்டில் ஏறித் தம்பியின் கணினியாகும். எது பழைய கணினி? மதர்போர்டு மாறினால் விண்டோஸ் இயங்குதளம் தன் உரிமத்தைப் பொருத்திப்பார்க்க முடியாமல் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். அதன் கணக்கில் இது வேறு கணினி. கோப்புகளும் விளையாட்டுச் சேமிப்புகளும் பழைய எஸ்.எஸ்.டி.யில் அப்படியே இருப்பதால் அண்ணனுக்கு அது தன் பழைய கணினியே. எதை ஒன்று என்று எண்ணுவது என்பது எண்ணுபவரின் தேவையைப் பொறுத்தது. இங்கே நாகசேனர் சொன்னது பொருந்துகிறது.

அப்படியானால் முழுமை, பொருளுக்கு வெளியே உள்ள ஒருவரின் நோக்கத்தைச் சார்ந்ததா? சாங்கிய தரிசனத்தின் நூலான ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதிலிருந்தே புருடன் என்ற அறிவுப்பொருளை நிறுவுகிறது. கூட்டாக அமைந்தவை எல்லாம் பிறருக்காகவே அமைந்தவை. கட்டில் கட்டிலுக்காக இல்லை, படுப்பவருக்காக இருக்கிறது. உடலும் புலன்களும் கூட்டாக அமைந்தவை. ஆகவே அவற்றுக்கும் அப்பால் ஒருவர் உண்டு. பௌத்த அளவை நூலார் இதைப் பிழையான ஏதுவுக்கு எடுத்துக்காட்டாகவே கற்பித்தனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் ஏதுப்போலிகளில் இதுவும் ஒன்று. கட்டில் பயன்படுவது உடலுக்கு, உடலும் கூட்டுப்பொருளே. எனவே அந்த எடுத்துக்காட்டு நிறுவும் ‘பிறர்’ இன்னொரு கூட்டுப்பொருள்தான். சாங்கியர் நிறுவ நினைத்த, கூட்டல்லாத புருடன் அன்று.

கணினிக்கும் இந்த மறுப்பு அப்படியே பொருந்தும். கண்ணின் வேகத்துக்கேற்பத் திரையும், கையின் அளவுக்கேற்ப மவுஸும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தேர்வைத் தீர்மானித்த கண்ணும் கையும் உறுப்புகளே. ‘பிறருக்காக’ என்ற தொடர் கூட்டல்லாத ஒன்றில் முடிந்தாக வேண்டும், இல்லையேல் அது முடிவில்லாமல் நீளும் என்பது சாங்கியரின் பதில். அது முடிய வேண்டிய கட்டாயம் இல்லை, கூட்டுகள் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கலாம் என்பது பௌத்தரின் நிலைப்பாடு.