புள்ளத்தாச்சிக்கு ஒரு தாய்வீடு

பின்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். தெருமுனை மளிகைக் கடையில் கேட்டு வாங்கியது. ஒரு பக்கத்தை மட்டும் ஒரு சாணுக்குக் குறைவாக விட்டு வெட்டினேன். தாய்ப்பூனை தாண்டி வர வேண்டும், குட்டி உருண்டு வெளியே விழக் கூடாது. அடியில் செய்தித்தாள், அதன் மேல் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை.

நான் புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்திருந்தேன். அம்மா அதை ஒதுக்கி வைத்துவிட்டாள். "பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும்டி. நீ பொறந்தப்ப உங்க ஆச்சி தன் புடவையைத்தான் கிழிச்சா." 78 வயதில் அலமாரியின் அடித்தட்டு வரை குனிந்து அவளே தேடி எடுத்த புடவை அது. எத்தனையோ வெளுப்பு கண்டு வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது.

வந்தவள் ஐப்பசி மழையில் வந்தாள். மதுரையில் நாலு நாள் மழை பிடித்தால் எங்கள் தெரு வாய்க்காலாகிவிடும். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், நனைந்த கந்தலாய்க் கிடந்தாள். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறம். மூன்றும் சேர்ந்திருந்தால் அநேகமாகப் பெண்தான். செம்மஞ்சளைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதுவும் கறுப்பும் ஒரே உடம்பில் கலந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். அவ்வளவு எனக்குத் தெரியும். வயிற்றைப் பார்த்து மிச்சத்தைச் சொன்னது அம்மா. "புள்ளத்தாச்சிடி இது. வெரட்டுனா பாவம்." பெயர் வைத்தால் பிறகு அனுப்ப முடியாது என்று நான் பெயர் வைக்காமலே இருந்தேன். அம்மா அன்று வாயில் வந்ததையே சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே பெயராகிவிட்டது.

கால்நடை மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருக்கும் என்றார். பூனைக்குச் சினைக்காலம் சுமார் 63 நாட்கள். அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை: "கருத்தடை ஆபரேஷனை இப்பவே பண்ணிரலாமா?" கருவோடு சேர்த்துக் கருப்பையை எடுத்துவிடுவது. அவர் ஈரமில்லாதவர் அல்லர். தெருவில் பிறக்கும் குட்டிகளின் கதியை என்னைவிட அதிகம் பார்த்தவர். ஒரு பெட்டை ஆறு மாதம் நிறையும் முன்பே சினைப்படலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகலாம். இனிமேல் பிறக்கப்போகிறவற்றுக்கு வீடு தேடும் நேரத்தில், பிறந்து வீடில்லாமல் கிடப்பவற்றுக்குத் தேடலாமே என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று வந்துவிட்டேன். ஒரு வாரம் யோசித்தேன். இன்னொரு வாரம் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டேன். அதற்குள் வயிறு பக்கவாட்டில் அசையத் தொடங்கிவிட்டது. குட்டிகளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தோம் என்று யாராவது பாராட்டினால் கூசுகிறது. நான் முடிவெடுக்கவே இல்லை, தள்ளிப்போட்டது முடிவாகிவிட்டது. காப்பாற்றும் வேலை மழையிலிருந்து தூக்கி வந்ததோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். தூக்கிய கணத்திலேயே அவள் வயிற்று வழக்கு என் தீர்ப்புக்கு வந்துவிட்டது. தெருவில் இருந்தவரை அது அவள் பாடு.

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் நான்கு முதுகெலும்புகள் தெரிந்தன, நெத்திலி முள் மாதிரி. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினாள். எண்ணிக்கை தெரிந்திருப்பது நல்லது. மூன்றோடு நின்றால் உள்ளே ஒன்று மிச்சம் என்று புரியும்.

தயார்செய்வது என்றதும் வாங்க வேண்டிய சாமான்களை எழுத உட்கார்ந்தேன். பட்டியல் சின்னதாகத்தான் வந்தது. கிராம் காட்டும் தராசு, பருத்தித் துண்டுகள், தொப்புள்கொடியைத் தாய் கடிக்காமல் விட்டால் கட்டுவதற்குக் கொதிநீரில் போட்டெடுத்த நூல், கத்தரிக்கோல், இரவிலும் எடுக்கும் ஒரு மருத்துவரின் எண். அறையைவிட்டு வெளியே போக வேண்டியவைதான் அதிகம். முதலில் பினாயில். அது போட்டுத் துடைக்காத தரை அம்மாவுக்குத் தரையே இல்லை. ஆனால் பீனால் வகைகளை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே உள்ளே போய்விடும். பக்கத்து வீட்டில் அன்போடு கொடுத்த நாய் உண்ணி மருந்து திரும்பிப் போயிற்று. அதிலிருந்த பெர்மெத்ரின் நாய்க்கு மருந்து, பூனைக்கு எமன். பால் கிண்ணமும் போயிற்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். குட்டிகளுக்கென்று விற்கும் சத்துத் தீனியைத் தாய்க்கு நாலைந்து வேளையாகச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறோம்.

சாம்பிராணிப் புகை, டியூப்லைட், பார்க்க வரும் தெருப்பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் விலக வேண்டியிருந்தது என் கை. பிரசவம் நெருங்கும்போது உடம்புச் சூடு 37.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம். தெருவில் வளர்ந்தவளின் வாலைத் தூக்கி அதைச் செய்தால் நிம்மதி எனக்கு, நடுக்கம் அவளுக்கு. விட்டுவிட்டேன்.

வலி கண்டபின் எங்களுக்கு இருக்கும் வேலை கடிகாரம் பார்ப்பதுதான். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இருபது முப்பது நிமிடம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். பனிக்குடத்தைக் கிழிப்பாள், கொடியைக் கடிப்பாள், நஞ்சுக்கொடியைத் தின்பாள், நக்கி நக்கியே மூச்சு வரவழைப்பாள். நூறு கிராம் எடையில், கண் திறக்காமல், காது கேட்காமல், தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாமல் வரும் குட்டி அது. சிறுநீர் கழிக்கக்கூட அதற்குத் தாயின் நாக்கு வேண்டும்.

வைணவர்கள் சரணாகதியைப் பேசப் பூனைக்குட்டியை எடுத்துக்கொண்டது இதனால்தான் போலும். வடகலையார் காட்டுவது குரங்குக்குட்டி. அது தாயைத் தன் கையால் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் காட்டுவது பூனைக்குட்டி. அது சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றுக்குப் பெயர். கல்லூரி நாளிலிருந்து எனக்குப் பிடித்த உவமை. இந்த ஒரு மாதத்தில்தான் அதில் ஒன்று கண்ணில் பட்டது: இரு சாராரும் தங்களைக் குட்டியின் இடத்தில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கவ்விக்கொண்டு போகிறவளை யார் கவ்விக்கொண்டு போவது? கடவுளுக்கு அந்தக் கவலை இல்லை. பூனைக்கு உண்டு. "குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்" என்பாள் அம்மா. ஒவ்வொரு குட்டியாக, ராத்திரியில், நாய்க்குப் பயந்து பயந்து. ஏழாவது வீட்டிலாவது அவளை யாராவது 'வா' என்றிருப்பார்களா?

மனிதர்களுக்குள் இதற்கு நாம் கண்ட வழி தாய்வீடு. வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டி, பிள்ளைப்பேற்றுக்கு அழைத்து வருவது. தாயாகப் போகிறவள் அங்கே கொஞ்ச நாள் மகளாக இருந்துகொள்ளலாம். சாப்பிட்ட தட்டை அப்படியே வைக்கலாம், பகலில் தூங்கலாம், காரணமில்லாமல் அழலாம். எல்லாத் தாய்வீடும் அப்படி இல்லை. எனக்கு வாய்த்தது.

1999-ல் என் மகன் பிறந்தபோது அம்மா பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். ஃபிளாஸ்கில் வெந்நீர், கூடையில் பழந்துணி. பதினான்கு மணி நேரம். உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் என் வலியில் ஓர் இம்மிகூட அவளால் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் செருமும் சத்தம் கேட்டது. 'இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். அவ்வளவு நேரம் என்னம்மா செஞ்ச என்று சமீபத்தில் கேட்டேன். "என்ன செய்ய? உக்காந்திருந்தேன்" என்றாள்.

சுமக்கிறவளைத் தூக்கிச் சுமக்க முடியாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கலாம். இத்தனை நாளாக இந்த அறையில் நான் செய்ததெல்லாம் அந்த பெஞ்சுக்கு இடம் ஒழித்ததுதான்.

குட்டிகள் பால் மறந்ததும், எட்டு வாரம் கழித்து, அவளுக்குக் கருத்தடை செய்துவிடுவதாக மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை தேதியோடு. நான்கு வீடு தேட வேண்டும். இரண்டு பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலையிலிருந்து தீனியைத் தொடவில்லை. புடவையை முன்காலால் பிறாண்டிப் பிறாண்டி ஒரு மூலையில் குவிக்கிறாள். கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, வெளியே போட நாற்காலி எடுத்து வந்தேன். அங்கே அம்மா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கிழித்த பழந்துணி.

உள்ளே சத்தம் நின்றது. அம்மா ஒருமுறை செருமினாள். சற்றுப் பொறுத்து, பிறாண்டும் சத்தம் மறுபடி கேட்டது.