70 வயசு வரைக்கும் யார் இருப்பது?

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மேல்நோவு தீரும் என்று ஊர் ஊராக வருகிறார்கள். பக்கத்திலேயே தென்காசி வயல்களில் நாற்று நட்ட என் அம்மாவுக்கு 50 வயசிலேயே முதுகு கூனிப்போச்சு. 58ல் போயிட்டா.

70 வயதானவர்க்கு வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இந்தியாவில் தலித் பெண், மேல்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முந்தியே சாகிறாள் என்றது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை. ஏழைக்கு மாநிலக் காப்பீடு உண்டே என்பீர்கள். உண்டு, பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்த பிறகு. தேய்கிற உடம்புக்கு, இழந்த கூலிக்கு எது காப்பீடு?

சேற்றில் நின்ற உடம்புக்கு 50தான் 70. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது நீதியாகுமா? அம்மா இருந்தா கேட்டிருப்பா: "அந்த வயசு வரைக்கும் உசுரோட இருக்க என்னய்யா குடுத்திய?"