வாடகைச் சோறு

என் நண்பர் ஒருவர் ஒரு தனியார் கம்பெனியில் 35 வருஷம் கணக்கு எழுதிவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பிறர் பணத்தை ஒரு காசு பிசகாமல் கூட்டிக் கழித்தவர், தம் சொந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தபோது திகைத்துப் போனார். கம்பெனி ஊழியனுக்கு வரும் பென்ஷன் எவ்வளவு என்பது தெரிந்த விஷயம்தானே? அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று ஆனதே 2014-ல்தான்! கையில் சேமநிதிப் பணமாக 30 லட்சம் இருந்தது. குடியிருக்க, மாடி எழுப்பாத சொந்த வீடு ஒன்றும் இருந்தது.

ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். அவரிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனையை வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்பது. மற்றொன்று, மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது.

"எதில் லாபம் என்று கேட்க வரவில்லை, ஸார். அதை நானே போட்டுப் பார்த்துவிடுவேன். எது நியாயம் என்று சொல்லுங்கள். இத்தனை நாள் உழைத்துச் சாப்பிட்டேன். இனிமேல் எவனோ ஒருவன் மாதம் பூராவும் பாடுபட்டுக் கொண்டுவருவதில் ஒரு பங்கை, முதல் தேதியன்று கையை நீட்டி வாங்கிச் சாப்பிடலாமா?"

நான் 18 வருஷமாக வாடகை வீட்டில் குடியிருக்கிறவன். நீட்டிய கையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவன். ஆகவே அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை.

லாபக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மாடி கட்ட 18 லட்சம் ஆகும் என்றார். வாடகை மாதம் 11,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,32,000. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று 11,000 கழித்தார். சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என்று 22,000 கழித்தார். மிஞ்சியது 99,000, நூற்றுக்கு ஐந்தரை. முதியோர் சேமிப்புத் திட்டத்திலோ 2023 ஏப்ரலில் நூற்றுக்கு 8.2 வட்டி கொடுத்தார்கள். பிறகு ஏன் வாடகையை நாட வேண்டும்? போட்ட பணத்துக்கு வட்டி நின்ற இடத்தில் நிற்கும்; வாடகை விலைவாசியோடு கூடவே நடந்து வரும். அதற்காக முழுப் பணத்தையும் செங்கல்லாக்கிவிடவும் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அன்று சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து விற்க முடியாது அல்லவா?

இனி நியாயத்துக்கு வருவோம். நான் குடியிருந்த வீட்டுக்காரர்களில் இருவரைச் சொல்கிறேன்.

ஒருவர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி வைத்துக்கொண்டவர். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்றால், "பாத்திரம் வையுங்கள்" என்பார். தை பிறந்தால் வாடகையை ஏற்றுவார். நாங்கள் காலி செய்த அன்று, ஆணி அடித்த இடங்களை எண்ணிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்.

மற்றவர் வயோதிகர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் வந்த இரவு, கீழே குடியிருந்த மூன்று குடும்பங்களையும் கதவைத் தட்டி எழுப்பி, மாடியில் தம் கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். நான்கு நாள் அங்கேதான் சமையல், படுக்கை எல்லாம். தண்ணீர் வடிந்ததும், நாங்கள் சேறு அள்ளும்போது அவரும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். அந்த மாத வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு மருந்துச் சீட்டுக்கு அதுதான் ஆதாரம். எனக்கு அது சிறிதும் உறுத்தவில்லை. கூலி வாங்குகிறவனிடம் கோபித்துக்கொள்ள முடியுமா?

இருவரும் வாங்கியது வாடகைதான். ஒருவர் சுவரைக் காட்டி வாங்கினார். மற்றவர் வீட்டைக் காத்து வாங்கினார்.

மனை வாங்கிப் போடுகிற சங்கதி வேறு. கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. அதைக் கட்டியது பொதுப் பணம். பக்கத்தில் நாலு கல் நட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறவனுக்கும் அதனால் மதிப்பு கூடுகிறது. நிலத்துக்காரன் சும்மா இருக்கும்போதே ஊரின் வளர்ச்சியால் அவன் செல்வம் பெருகுகிறது, அந்தப் பெருக்கத்துக்கு வரி போடலாம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-லேயே எழுதினார். மனை வாங்குவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குடியிருக்க ஒரு துண்டு நிலம் தேடுகிறவனுக்கு அது எட்டாமல் போவதற்கு நாமும் ஒரு கை கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்க வழியின்றித் தவித்தவர்கள் உண்டு. அங்கீகாரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பாராமல் வாங்குகிறவன், தன் முதுமையைச் சூதில் வைக்கிறான்.

"அப்படியானால் மாடியே கட்டுகிறேன். ஆனால் நான் எந்த வீட்டுக்காரனாக ஆவேன் என்று எனக்கே தெரியவில்லையே, ஸார்!" என்றார் நண்பர்.

அந்தப் பயம் இருக்கிறவரை நல்லவராகத்தான் இருப்பீர்கள் என்றேன்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. நண்பர் மூன்று மாதமே வாங்கினார், ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார். போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மாடிக் குழாயைப் பழுது பார்த்துவிட்டு, கையெல்லாம் துருவோடு இறங்கி வந்தார்.

"முதல் தேதி கையை நீட்டக் கூச்சமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

துருவைத் துடைத்துக்கொண்டே, "இந்த மாதம் இருக்காது, ஸார்" என்றார்.